கண்மாய்க்காரர்கள் எழுதிய கடற்கரை விண்ணப்பம்

1. எல்லாம் தண்ணிதான

எண்பதுகளின் பிற்பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஓய்வுபெற்ற பொறியாளர் ராஜு சார் நடத்திய சிறிய அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். பாசனக் கண்மாய்க் கரை உடைந்த ஊர்க்காரர்கள் எங்களைத் தேடி வருவார்கள். சார் நேரில் போய் அளவெடுத்து எஸ்டிமேட் போடுவார். நான் பிளானை டிரேசிங் துணியில் வரைந்து, மானிய விண்ணப்பத்தை டைப் அடிப்பேன். சேத்தூர்ப் பக்கமும் தளவாய்புரம் பக்கமும் அப்படி எழும்பிய கரைகள் உண்டு. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் கீழே டீக்கடைக்காரர் யாரிடமோ பேசுவது மாடியில் எங்கள் அலுவலகத்துக்குக் கேட்டது.

"எக்கா, கருவாட்டுக் கூடையை என் கடை வாசல்ல வைக்காத. டீ குடிக்க வாறவன் எல்லாம் சோறு கேக்கான்."

"அப்போ சோறும் போடும். யாவாரம் பெருகும்லா" என்று ஒரு பெண் குரல் பதில் சொன்னது. பிறகு படியேறும் சத்தம்.

வந்தவள் பெயர் செல்வமேரி. நாற்பது வயதிருக்கும். கிழக்கே ஒரு சின்ன மீனவக் குப்பத்திலிருந்து வாரம் ஒரு தடவை ராஜபாளையம் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருபவள். எங்களைப் பற்றிச் சந்தையில் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"கம்மாக் கரைக்குக் கவர்மெண்டுல பணம் வாங்கித் தாறியளாமே. எங்க கரைக்கும் வாங்கித் தருவியளா?"

சார் தலைநிமிராமல், "எந்தக் கம்மா?" என்றார்.

"கம்மா இல்லய்யா. கடலு."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கடலுக்கெல்லாம் நான் கரை போட்டதில்லையேம்மா."

"எல்லாம் தண்ணிதான ஐயா."

அந்தப் பதில் சாருக்குப் பிடித்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "அம்மாயி, அந்த அம்மாவுக்கு ஒரு டீ சொல்லு" என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தன் பெண்களை அழைப்பதுபோலவே என்னையும் அம்மாயி என்றுதான் அழைப்பார். கடலோரப் பாதுகாப்புக்கும் அரசு மானியம் உண்டென்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பிளானும் எஸ்டிமேட்டும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். பிறகு அதிகாரி இடத்தை ஆய்வு செய்வார். எங்களுக்குப் பழகிய நடைமுறைதான்.

2. ஒரு வள்ளத்தின் அகலம்

ஆவணியில் இடம் பார்க்கப் போனோம். கடல் அந்தக் கரையைக் கடித்து வைத்திருந்தது. மணல் மேடு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அறுபட்டு நின்றது. ஒரு பனை வேரோடு சாய்ந்து கிடந்தது. விளிம்பை ஒட்டி ஒரு கிணறு. கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மீன்பிடி வள்ளத்தை நிறுத்தி வைக்கும் அகலம்தான் மிச்சம். ஊருக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர் அது.

செல்வமேரி ஒரு வாளி இறைத்து எனக்குக் கொடுத்தாள். கடலுக்கு இத்தனை பக்கத்தில் அப்படியொரு இனிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"இது உப்பாயிட்டுன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போவ வேண்டியதுதான் தங்கச்சி. மீனுக்குத்தான் கடலு. குடிக்கதுக்கு இதுதான்" என்றாள்.

கிணற்றுக்கு முன்னால் கல் அடுக்கு, இரண்டு பக்கமும் சவுக்கு, வள்ளம் ஏற்ற நடுவில் வழி என்று சார் திட்டம் போட்டார். பிளானில் அந்தக் கிணற்றை மட்டும் சிவப்பு மையில் வரைந்தேன்.

ஆய்வுக்கு எந்த மாதம் வசதி என்றும் தெரிவிக்க வேண்டியிருந்தது. கண்மாய் வேலை என்றால் பங்குனிதான். தண்ணீர் வற்றியிருக்கும், கரையின் அடிவரை தெரியும், ஜீப் உள்ளே போகும். சார் வழக்கம்போலப் பங்குனி என்றார். நானும் யோசிக்காமல் அப்படியே டைப் அடித்தேன்.

3. நல்ல பீச்

பங்குனியில் அதிகாரியோடு ஜீப்பில் போய் இறங்கியபோது வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். அறுபட்ட மேட்டைக் காணோம். சாய்ந்த பனையைக் காணோம். கிணற்றுக்கு முன்னால் பெரிய முற்றம்போல மணல் விரிந்து கிடந்தது. கூட்டிப் பெருக்கி, தென்னங்குருத்துத் தோரணம் கட்டி, நாற்காலியில் துண்டு விரித்து வைத்திருந்தார்கள். ஊரே குளித்து, வெளுத்த துணி உடுத்தி நின்றது. கடல் தட்டில் ஊற்றிய பால்போல அசையாமல் கிடந்தது.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "இதுல அரிப்பு எங்க சார் இருக்கு? நல்ல பீச். எங்க வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம் போல" என்றார். கெட்ட மனிதர் அல்லர். கண்ணில் பட்டதைத்தான் எழுதினார். இந்த இடத்துக்கு மானியம் தேவையில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சார் செல்வமேரியிடம் கேட்டார். "ஏம்மா, ஆவணியில நாங்க பார்த்த பள்ளம் எங்க?"

"ஆனி ஆடியில எடுக்குத மண்ணுல பாதியைத் தை பொறந்தா கடலே கொண்டாந்து போட்டுரும் ஐயா. பொறவு மறுபடியும் எடுத்துக்கிடும். ஒவ்வொரு வருசமும் குடுக்கது கொறையுது. மிச்சம் இருந்த பள்ளத்தை நாங்கதான் தூத்தோம். பெரியவிய வாற எடம், தடுக்கி விழுந்திரப் பிடாதுல்லா. பனையையும் வெட்டி அப்புறப்படுத்திட்டோம்."

"பங்குனியில வந்தா ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"படிச்சவிய நாள் குறிச்சா அதுல ஒரு கணக்கு இருக்கும்னு நெனச்சோம்."

சார் அதிகாரிக்குப் போட்ட நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கணக்கு எல்லாம் கம்மாக் கணக்கும்மா" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். "நாள் குறிச்சது நீங்க, பெருக்குனது நாங்க. ரெண்டு பேருமாச் சேந்துல்லா கெடுத்துட்டோம்." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியவள் அவள்தான். கிணற்றைப் பார்த்தபடி நின்றாள்.

4. ஆடிக் காற்று

சார் மறுபடியும் அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தார். நானும் பிளானோடு கூடப் போனேன்.

"ஆடியில யார் சார் கடற்கரைக்கு வருவா? கண்ணைத் தொறக்க முடியாது."

"அதுக்குத்தான் சார் கூப்பிடுதேன். பங்குனியில உங்களை வரச் சொன்னது என் தப்பு. ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. அப்பவும் இல்லைன்னா நான் வாய் திறக்க மாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் பிளானைப் பார்த்தார். சிவப்பு மையில் இருந்தது என்னவென்று கேட்டார். கிணறு என்றேன். வருகிறேன் என்றார்.

ஊருக்கு சார் ஒரே ஒரு உத்தரவு போட்டார். ஒன்றையும் தொடக் கூடாது. ஒரு செத்தையைக்கூடக் கூட்டக் கூடாது. செல்வமேரிக்கு அது தாங்கவில்லை. "கூட்டாத வாசலுக்கு ஆளைக் கூப்பிடச் சொல்லுதியளே ஐயா. எங்களப் பத்தி என்ன நெனைப்பாவ?" என்று முகம் சுருங்கிக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு நாள் மட்டும் அக்கா" என்றேன்.

அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வந்து சேர்ந்தார். காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டின் ஒரு துண்டு சத்தமில்லாமல் பிட்டுக்கொண்டு அலைக்குள் போயிற்று. கிணற்றுக்கும் விளிம்புக்கும் நடுவில் இப்போது வள்ளம் நிற்காது. செல்வமேரி தண்ணீர் இறைத்துச் செம்பில் கொடுத்தாள்.

"குடிக்கலாமா? உப்பு ஏறலையே?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்னைக்கு நல்ல தண்ணிதான் ஐயா."

அவர் முழுச் செம்பையும் குடித்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சாரிடம் டேப்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு தாமே விளிம்பை நோக்கி நடந்தார்.

5. கேட்க வேண்டியது

மானியம் உடனே வந்துவிடவில்லை. கல் வந்து இறங்குவதற்குள் இன்னொரு ஆடி போயிற்று. அதில் செல்வமேரியின் அடுப்படியைக் கடல் கொண்டுபோய்விட்டது. செய்தி கேட்டுப் பார்க்கப் போனேன். வீட்டின் மிச்சப் பாதியில், மூன்று கல் கூட்டி எனக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

"அடுப்படி போனாப் போவுது தங்கச்சி. அது என் கையால கட்டுனது, இன்னொண்ணு கட்டிக்கிடுவேன். கிணத்தை யாரு கட்டித் தருவா?" என்றாள். அவள் சொல்லிவிட்டு உலையைப் பார்க்கத் திரும்பியதால் என் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது.

அந்த வருஷமே கல் வந்தது. சவுக்கும் நட்டார்கள். கிணறு நின்றது.

தொண்ணூறுகளில் சாருக்கு முழங்கால் முடியாமல் போனபின், ஊர்களுக்குப் போய்ப் பேசும் வேலையும் என்னிடம் வந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் சர்வே எண்ணிலும் அளவிலும் தொடங்குவதைப் பார்க்கிறேன். அவை எல்லாம் தேவைதான், பிறகு கேட்டுக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் நான் முதலில், "உங்களுக்கு எந்த மாசம் ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்கிறேன். அதுவரை வாசற்படியில் நின்றபடி பேசியவர்கள் அந்தக் கேள்விக்குப் பிறகு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.