இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு போத்தல்கள்

போன கிழமை மகள் ஒரு சிறிய போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். விமான நிலையக் கடையில் உல்லாசப் பயணிகளுக்கென்று விற்கிற நாகதாளிப் பழ மது. கழுத்தில் வைக்கோல் நாடா, ஒட்டுத்தாளில் கழுதை வண்டி. நான் மூடியைத் திருகித் திறந்து மணந்து பார்த்தேன். கிளாசில் ஊற்றிய பிறகு இன்னொரு தடவை மணந்தேன்.

"பப்பா, நாய் மாதிரி ஏன் மணக்கிறீங்கள்? நீங்கள்தானே சீல் உடைச்சனீங்கள்" என்றாள் மகள்.

பழக்கம் என்றேன். நிறம்தான் காரணம் என்று சொல்லியிருந்தால் கதை நீண்டிருக்கும். உங்களுக்கென்றால் சொல்லலாம்.

இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரில் வீடு துடைத்துப் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு போத்தல் உண்டு. கண்ணாடி துடைக்கவும் மாபிள் படியில் கறை எடுக்கவும் சிஞ்ஞோராக்கள், அதாவது வீட்டுக்காரப் பெண்கள், வாங்கி வைக்கிற அல்ககோல். யாரும் குடித்துவிடக் கூடாதென்று அதற்கு இளஞ்சிவப்புச் சாயமும், குடலைப் புரட்டுகிற ஒரு நாற்றமும் சேர்த்திருப்பார்கள். கடையில் அதற்கு இரண்டு தட்டு மேலே, வீட்டில் மது செய்பவர்களுக்கான தூய அல்ககோல் இருக்கும். அதற்கு நிறமில்லை. விலை கூட. இந்த ஊர்க்காரர்கள் அதில் எலுமிச்சைத் தோலையும் பிரிஞ்சி இலையையும் ஊறப்போட்டு, சீனிப்பாகு சேர்த்து, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாஸ்களில் குடிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நகரின் பழைய பகுதியான கால்சாவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மூன்று பேர் இருந்தோம். எதிர்வீடு இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கூரையில்லாமல் நின்றது. உள்ளே அத்திமரம் வளர்ந்து யன்னல் வழியாகக் கிளை நீட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இன்னொரு இடிந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு பல் துலக்குவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. வீட்டு ஒப்பந்தம் ஊர்காவற்றுறைச் செல்வத்தின் பெயரில் இருந்தது. ஆகையால் குளியலறையில் முதல் உரிமையும், மற்றவர்களைச் சந்தேகிக்கும் உரிமையும் அவனுக்கு இருந்தன. மூன்றாமவர் மன்னார் மரியதாஸ். எங்கள் இருவருக்கும் மூத்தவர், தாஸ் அண்ணை. ஒரு பணக்காரக் கிழவியின் வீட்டில் சமையல்காரர். அந்த வேலையில்தான் அவருடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெர்மெஸ்ஸோவை வைத்துத்தான் மனைவியைக் கூப்பிட குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் விண்ணப்பம் கொடுத்திருந்தார்.

வீட்டு வேலைக்காரருக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. ஊரில் ஞாயிறு எப்படியோ, எங்களுக்கு இங்கே வியாழன் அப்படி. அன்றைக்கு பலெர்மோவின் பூங்கா வாங்குகளில் எங்கள் ஆட்களும் மொரீசியஸ்காரரும்தான் இருப்பார்கள். தாஸ் அண்ணை பூங்காவுக்கு வருவதில்லை. குசினியில் நின்று மந்தரீனோ என்கிற சின்னத் தோடம்பழத்தின் தோலைச் சீவுவார். வெள்ளைப் பகுதி ஒட்டாமல், மெழுகுத்தாள்போல மெல்லிய தோல். முதலில் சீனிப்பாகில் காய்ச்சி, பிறகு அல்ககோலில் ஊறவிடுவார். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திரிகை வத்தலும் இஞ்சியும் போட்டு வைன் புளிக்க வைப்பார். புரட்டாதி, ஐப்பசியில் நாகதாளி. முள்ளை நெருப்பில் வாட்டிப் பழத்தைப் பிசைந்து வடித்தால் நல்ல இளஞ்சிவப்பு வரும்.

நான் ஊரில் சில காலம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவன். பிழை தேடுகிற கண் வேலையை விட்டாலும் போவதில்லை. தாஸ் அண்ணையிடம் சில விஷயங்கள் எனக்குப் பொருந்தவில்லை.

அவர் தான் செய்ததைக் குடிப்பதில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு: காய்ச்சினவன் முதல் மிடறு குடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் கிளாசைத் தொடுவார்கள். தாஸ் அண்ணை எங்களுக்கு ஊற்றிவிட்டு, எதிரே இருந்து எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். விழுங்கும்போது தொண்டையைப் பார்ப்பார். "என்ன மாதிரி மணக்குது?" என்று கேட்பார். நல்லாயிருக்கு என்றால் விடமாட்டார். "அது தெரியும். என்ன மாதிரி?" ஒருநாள் உள்ளி கருகி வீடு முழுக்க நாறியது. அவர் அடுப்புக்கு முன்னால் நின்று ஆறுதலாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

செல்வம் படிக்கட்டில் என்னை மறித்தான்.

"இந்த மனுசன் எங்களை வைச்சுப் பரிசோதனை செய்யுது."

"என்ன பரிசோதனை?"

"தூய அல்ககோல் என்ன விலை தெரியுமோ? மாதம் இத்தனை போத்தல் வாங்க இவருக்கு எங்காலை வசதி? சிஞ்ஞோரா வீட்டிலை இருந்து ரோஸ் போத்தலைக் கொண்டுவந்து கலக்கிறார். நாகதாளிக்கை விட்டா நிறம் தெரியுமோ? அதுதான் தான் குடிக்கிறேல்லை."

"நாத்தம் தெரியுமே."

"நீ பத்திரிகைக்காரன். பேப்பர் மணம்தான் உனக்குத் தெரியும்."

அபத்தம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அடுத்த வியாழன் கிளாசை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சந்தேகத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதற்கு ஆதாரம் வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொருவன் இருந்தால் போதும்.

செல்வம் ஒரு திட்டம் போட்டான். முடிந்துபோன நாகதாளிப் போத்தல் ஒன்றைக் கழுவி அதற்குள் துடைக்கிற ரோஸ் அல்ககோலை ஊற்றினான். தாஸ் அண்ணையின் தட்டில், அவருடைய போத்தல்களுக்கு முன்னால் வைத்தான். அவனுடைய கணக்கு எளிது: கள்ள வேலை செய்கிறவன் அந்த நாற்றத்தை மணந்ததும் பிடிபட்டுவிட்டோம் என்று திடுக்கிடுவான், குற்றமில்லாதவன் இது என் போத்தல் இல்லை என்று சத்தம் போடுவான்.

வியாழன் பின்னேரம் மேசையைச் சுற்றி இருந்தோம்.

"அண்ணை, முன்னுக்கு இருக்கிறதை எடுங்கோ. நல்லா இறங்கியிருக்குமோ, மணந்து பாருங்கோ" என்றான் செல்வம்.

தாஸ் அண்ணை மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். கண்ணை மூடினார். "ஓம், நல்லா இறங்கியிருக்கு. பழம் அப்பிடியே நிக்குது" என்றார். பிறகு எனக்கும் செல்வத்துக்கும் கிளாஸ் நிறைய ஊற்றினார்.

மேசைக்கு மேலே மாபிள் படிக்கட்டின் நாற்றம் எழுந்தது. எனக்குக் கண் கரித்தது. செல்வம் எழும்பி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

"எங்களைக் கொல்லப் பாக்கிறியள் என்ன?"

தாஸ் அண்ணை கிளாசைப் பார்த்தார். செல்வத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என்ன தம்பி, பழுதாப் போச்சோ?"

கொல்ல நினைத்தவன் அப்படிக் கேட்கமாட்டான். செல்வத்தின் பிடி தளர்ந்தது. நான் போத்தலை வாங்கி மூடி, என்ன ஊற்றியிருந்தது என்று சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். அங்கிருந்தபடி கதைத்தார்.

மன்னாரில் ஷெல் விழுந்தபோது சுவரோடு எறியப்பட்டுப் பின்மண்டையில் அடிபட்டதாம். காயம் ஆறியது, மணம் திரும்பவில்லை. உப்பு, புளி, இனிப்பு நாக்குக்குத் தெரியும். மிச்சம் ஒன்றும் இல்லை. நிறத்தையும் சத்தத்தையும் பார்த்துச் சமைக்கிறார்.

"குடிச்சா எனக்கு அது எரிவும் சீனியும்தான். அந்த எரிவுக்கு ஏன் காசு?"

"பேந்து ஏன் செய்யிறியள்?" என்றான் செல்வம்.

"ஒருக்கா மந்தரீனோ தோல் காய்ச்சேக்கை ஏதோ வந்த மாதிரி இருந்தது. ஒரு செக்கன். அதைத்தான் தேடுறன்." கையைத் துடைத்துக்கொண்டார். "இதை வெளியாலை கதைச்சுப் போடாதேங்கோ. மணம் தெரியாத குசினிக்காரனை எந்தச் சிஞ்ஞோரா வைச்சிருப்பா? வேலை போனா பெர்மெஸ்ஸோ போச்சு. மனுசி அங்கை முகாமிலை இருக்கிறா."

செல்வம் கிளாஸ்களைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வந்து, "நான் ஏன் அண்ணை கதைக்கப்போறன்?" என்றான். யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை.

நத்தாருக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை தாஸ் அண்ணை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சிஞ்ஞோரா ஒரு மீனைத் தட்டில் வைத்து, அவருடைய மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, இது நல்லதா என்று கேட்டாராம். மீனின் கண் தெளிவாக இருந்ததால் நல்லது என்றாராம். மீனுக்கு மேலே வினாகிரி தெளித்திருந்தது என்று சிஞ்ஞோரா பிறகு சொன்னாராம். அந்த மாதச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டார்.

"இத்தனை வருசத்திலை ஒரு நாளும் அப்பிடி நீட்டிக் கேட்டதில்லை" என்றார் தாஸ் அண்ணை. எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்.

மூடியைத் திறந்து மூக்கருகே பிடிக்கவைக்கிற சோதனையை நாங்கள் ஒரு தடவை பார்த்திருந்தோம். செல்வத்தின் மச்சான் ஒருவன் ஒரேத்தோத் தெருவில் இருந்துகொண்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிஞ்ஞோரா வீட்டு வேலை மச்சானுக்குப் போகவில்லை, ஒரு மொரீசியஸ் பெண்ணுக்குப் போனது. கருகிய உள்ளியும் பழுதான எண்ணெயுமாகச் சிஞ்ஞோராவே தானாகக் கண்டுபிடித்திருக்கலாம். கிழவிகளுக்கு மூக்கு நல்லாகவே வேலை செய்யும்.

"நீ ஆரோடையும் கதைச்சனியோ?" என்று செல்வம் என்னிடம் கேட்டான்.

"இல்லை. நீ?"

"இல்லை."

இரண்டு பேரும் மற்றவனின் முகத்தைப் பார்த்தோம், தாஸ் அண்ணை முன்பு எங்கள் தொண்டைகளைப் பார்த்த மாதிரி.

தை மாதம் அவர் வடக்கே ரெயிலேறினார், அங்கே ஒரு தொழிற்சாலையில் இடம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். மனைவியின் விண்ணப்பம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கக்கூடிய ஆட்களோடு எனக்குக் கதை நின்றுவிட்டது. போகும்போது தட்டில் இருந்த போத்தல்களை எங்களுக்கென்று விட்டுச் சென்றார். மந்தரீனோ, பிரிஞ்சி இலை, நாகதாளி. நாங்கள் அவற்றைத் திறக்கவில்லை. செல்வம் தனக்கென்று கடையில் சீல் வைத்த போத்தல் வாங்கி, தன் கட்டிலுக்கடியில் வைத்தான். நானும் ஒன்று வாங்கி என் பெட்டிக்குள் வைத்தேன்.

பிறகு நான் கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போனேன். எதிரே இருந்த அத்திமரத்தை வெட்டி, அந்த வீட்டைத் திருத்தி, இப்போது இரவுக்கு இவ்வளவென்று வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் ஆட்களிடமும் இன்று வசதி உண்டு. கொண்டாட்டங்களில் மேசை நிறைய வெளிநாட்டுப் போத்தல்கள் நிற்கும், அவரவர் தேவைக்கு அவரவர் ஊற்றிக்கொள்வார்கள். காய்ச்சினவன் முதல் மிடறு குடிக்க வேண்டும் என்ற முறை யாருக்கும் ஞாபகமில்லை, காய்ச்சுகிறவனும் இல்லை.

செல்வத்தோடு அந்த வீட்டில் மேலும் ஒரு வருடம் இருந்தேன். வியாழக்கிழமைகள் வந்தன. ஒருவருக்கொருவர் ஊற்றவில்லை.