காற்று புகாத வீடு

ரோட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் காலை வைக்கும் முன் வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கதவைத் திறந்துவைத்து, உள்ளே இருக்கும் காற்றைக் கருவியால் சோதித்த பிறகுதான் நுழையலாம். ஜவ்வாது மலையில் பிறந்த எனக்கு வந்த புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் மலையில் காற்றை யாரும் கேட்டு வாங்குவதில்லை. மார்கழியில் வேண்டாம் என்றாலும் வரும்.

வேலூரில் ஐ.டி.ஐ. படித்து, சென்னை, சிங்கப்பூர் என்று மாறி இங்கே வந்து சேர்ந்தேன். ரீஃபர் எனப்படும் குளிர்பதனக் கன்டெய்னர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மூட்டைக்கும் துணிக்கும் சாதாரண இரும்புப் பெட்டி போதும். அதன் மேல்மூலையில் சிறு காற்றுத் துளைகள் இருக்கும். கிரேனால் மேலிருந்து இறக்கும் எந்திரங்களுக்குக் கூரையில்லாத பெட்டி. எண்ணெய்க்கு டேங்க். பழமும் மீனும் வருவது ரீஃபரில். அதன் கதவைச் சுற்றி ரப்பர், தரை முழுக்கக் குளிர்காற்று ஓடுவதற்கான நீள வரிகள்.

அந்தத் தரையைத்தான் போன ஐப்பசியில், மதியச் சாப்பாட்டு வேளையில், என் கைபேசியில் பார்த்தேன். தம்பி ஏழுமலை வீடியோவில் அழைத்திருந்தான். ஓட்டு வீடு ஒழுகுகிறது என்று பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கி, லாரியில் மலையேற்றி வீட்டுப் பக்கத்தில் இறக்கியிருந்தான்.

“பாரு யக்கா, நம்ம புது வூடு! சாதாப் பொட்டி இல்ல, டபுள் சுவரு. கதவைச் சாத்துனா குளுரு எட்டியே பாக்காது. இன்னிக்கே புள்ளைங்கள இதுலதான் படுக்க வைக்கப் போறேன்.”

“டேய், அது ரீஃபர்டா. மூச்சு முட்டிடும்.”

“இம்மாம் பெரிய பொட்டியில ரெண்டு புள்ளைங்க மூச்சு வுட்டா காத்து தீர்ந்துடுமா? அங்க போய் நீ எல்லாத்துக்கும் பயப்புட்ற. இரு, மூடிக் காட்றேன்.”

மனைவி நதியாவை வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னான். படம் உறைந்தது. அழைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்ப அழைத்தேன். உடன் வேலை செய்யும் பீட்டர் என்னவென்று கேட்டார். தம்பி ரீஃபருக்குள் இருக்கிறான் என்றேன். “உங்கள் ஊரில் அவ்வளவு வெயிலா?” என்று சிரித்தார். குளிரூட்டும் எந்திரத்தைக் கழற்றி அடைத்த பழைய பெட்டி, கதவும் மூடியிருக்கிறது என்றதும் சிரிப்பு நின்றது. இருவரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது அடித்தபோது ஏழுமலையின் குரல் வேறாக இருந்தது.

“தட்னேன், கத்துனேன் யக்கா. இவ வெளியதான் நின்னுகினு இருந்தா. ஒண்ணுமே கேக்கலியாம். உள்பக்கம் கதவைத் தொறக்க ஒண்ணும் இல்ல. இவளா பயந்துபோய்த் தொறந்தா.”

அன்று பிள்ளைகள் ஒழுகும் வீட்டிலேயே படுத்தார்கள். பீட்டர் ஒரு தாளில் பெட்டியை வரைந்து, எங்கெங்கே வெட்டுவது என்று அம்புக்குறி போட்டு, ‘லுக்த்’ என்று எழுதினார். டச்சு மொழியில் காற்றுக்கும் வானத்துக்கும் அந்த ஒரே சொல்தான். படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். மலையடிவாரத்துப் படவேட்டிலிருந்து ஒரு வெல்டர் ஏறிப்போய், எதிரெதிரே இரண்டு ஜன்னல் வெட்டி, உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு மாற்றிக் கொடுத்தார்.

தை மாதம் விடுமுறையில் போனேன். என் பையை வாங்கிய ஏழுமலை, ஓட்டு வீட்டைத் தாண்டி நேரே கன்டெய்னருக்குள் நுழைந்தான்.

“உனக்கு இங்கதான் சவுரியம் யக்கா. வூட்ல இப்ப உனக்கு ஒத்துக்காது.”

புதுக் கட்டில், புது விரிப்பு. நான் பிறந்த வீடு பத்தடி தள்ளி இருந்தது. அங்கேயே படுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

விடிந்து கண் விழித்தபோது, தம்பியின் பிள்ளைகள் இருவரும் வெளியிலிருந்து ஜன்னலில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாமை அறுத்த கொல்லை, அதற்கும் பின்னால் மலை. என்னைச் சுற்றித் துறைமுகத்தில் தினமும் பார்க்கும் ரீஃபரின் வெள்ளைச் சுவர்.

“அத்த, உள்ள வர்லாங்களா?” என்றாள் பெரியவள்.

அவர்களுடைய வீட்டுக்குள் வர, விருந்தாளி என்னிடம் கேட்கிறார்கள். எழுந்துபோய் உள்ளிருந்தே கதவைத் திறந்து, வாங்க என்றேன்.