பின் கேரியரில் பிளாரன்ஸ்

“மிதிங்க அண்ணாச்சி, நான் பின்னால இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பிளாரன்ஸ் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். பின் டயர் முனகியது. கடையிலிருந்து உப்பளச் சாலை வரைக்கும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எதிரே நின்று நெஞ்சைத் தள்ளியது. பாதி வழியிலேயே எனக்கு வாய் பிளந்துவிட்டது. திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார். “பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒங்க மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு. அங்கன தாண்டினதும் விசிலடிக்குது” என்றார்.

சாதாரணச் சைக்கிளுக்கு மின்சார மோட்டார் பொருத்தித் தருவது அவர் தொழில். திரேஸ்புரத்துக்குப் போகும் சாலையில், ஒரு வலைக் கடையை ஒட்டி அவருடைய தகரக் கொட்டகை. மீன் விற்கப் போகும் பெண்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள் எல்லாம் வருவார்கள். எவ்வளவு வேகம் போகும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு அவர் பதில் சொல்வதே இல்லை. “எந்தத் திசையில போறிய? என்ன சுமை?” என்று திருப்பிக் கேட்பார். அதன் பிறகு கேரியரில் ஏறிவிடுவார். தான் ஒரு பெட்டி மீனுக்குச் சமம் என்பது அவர் கணக்கு. பார்த்தால் இரண்டு பெட்டி இருக்கும்.

நைட்டிக்கு மேலே கணவரின் பழைய கப்பல் சட்டையைப் போட்டிருப்பார். கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பாதி கடலில்தான். சட்டைப் பையின் மேல் ரெக்சன் என்று அவர் பெயர் தைத்திருக்கும். புது ஆட்கள் அதைப் படித்துவிட்டு, “ரெக்சன் அக்கா” என்று கூப்பிடுவார்கள். பிளாரன்ஸும் சளைக்காமல், “சொல்லுங்க” என்பார். மேசையில் ஒரு வாசலின் டப்பா எப்போதும் திறந்தே கிடக்கும். உப்புக் காற்று அரிக்காமல் இருக்க ஒவ்வொரு வயர் முனையிலும் அதைத் தடவுவார். விரலில் மிச்சமிருப்பதை உதட்டில் தடவிக்கொள்வார்.

இன்வர்ட்டர் பழுதுபார்க்கும் கடையில் பில் போட உட்கார்ந்தவர் அவர். பில் போடுவது அலுத்துப்போய், உள் அறையில் திறந்து கிடந்த பெட்டிகளை எட்டிப் பார்க்கத் தொடங்கி, கடைசியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் வேலையைப் பற்றிக் கேட்டால் விளக்கம் சுருக்கமாகத்தான் வரும். “சக்கரத்துக்கு நடுவுல மோட்டாரு. கரண்ட்ட அளந்து விடுதது கன்ட்ரோலரு. குடுக்கது பேட்டரி. மூணும் ஒரே வோல்ட்டுல பேசணும். ஒண்ணு மாத்திப் பேசிச்சுன்னா வண்டி நவுராது.”

என் சைக்கிள் மோட்டாருக்காக அங்கே கிடந்த நாட்களில்தான் செபாஸ்டின் வந்தார். சங்கு குளித்தவர். ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறிய ஒரு நாள் உடம்பு மடங்கிப் போயிற்று. உயிர் தப்பியது, இடது கால் மட்டும் அதற்குப் பிறகு சொன்னபடி கேட்கவில்லை. வெளியூரில் இருக்கும் மருமகன் போனிலேயே மோட்டாரை ஓரிடத்தில், கன்ட்ரோலரை வேறிடத்தில், பேட்டரியை இன்னோரிடத்தில் வாங்கி அனுப்பியிருந்தான். தெரிந்த ஒருவர் அதைச் சைக்கிளில் மாட்டியும் கொடுத்திருந்தார். ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரம் ஜோராகச் சுற்றியது. அவர் ஏறி உட்கார்ந்தால் நின்றுவிட்டது.

“பேட்டரி புல்லுன்னுதான் காட்டுது. நான் ஏறினா செத்துப்போவுது. என்னைச் சுமக்க அதுக்கு இஷ்டமில்ல போல” என்றார் செபாஸ்டின். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூட வந்திருந்த மனைவி மெட்டில்டா சிரிக்கவில்லை. கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால் இவர் தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறார் என்றும், கடற்கரைப் பக்கம் போயே வெகுநாளாயிற்று என்றும் அவர் பிளாரன்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

பிளாரன்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியும் மோட்டாரும் முப்பத்தாறு வோல்ட். கன்ட்ரோலர் நாற்பத்தெட்டு வோல்ட்டுக்கு உரியது. “மாமா, இங்கன பாருங்க. ஆள் ஏறினதும் வோல்ட் ஒரு பொட்டு இறங்கும். இந்தக் கன்ட்ரோலருக்கு அது போதும். பேட்டரி தீந்துபோச்சுன்னு நினைச்சு அணைச்சிடுது. உள்ள அவ்வளவும் அப்படியே இருக்கு. காலியாகல.”

செபாஸ்டின் பேட்டரியின் மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

கடையில் இருந்த முப்பத்தாறு வோல்ட் கன்ட்ரோலர் ஒன்றை மாட்டி, வழக்கம்போலப் பின்னால் ஏறிக்கொண்டு கிளம்பினார் பிளாரன்ஸ். நானும் மெட்டில்டாவும் கடை வாசலில் நின்றோம். இருவரும் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது செபாஸ்டின் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பிளாரன்ஸ் பின்னாலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வியர்வை. உப்பளச் சாலையில் எதிர்காற்று பிடித்ததும் மோட்டார் நின்றுபோயிருந்தது.

“ஏளா, இப்ப ஒன் மூச்ச நான் கேட்டுட்டு வாரேன். பயங்கரமா விசிலடிக்குது” என்றார் செபாஸ்டின். மெட்டில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் இப்படிக் கிண்டல் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பிளாரன்ஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தவறு தன்னுடையது என்று அன்று கடைக்கு வந்த எல்லோரிடமும், கேட்காதவர்களிடமும், சொல்லிக்கொண்டிருந்தார். வோல்ட்டைப் பார்த்தவர் ஆம்பியரைப் பார்க்கவில்லை. அவர் மாட்டிய கன்ட்ரோலர், காற்றை எதிர்க்கும்போது பேட்டரி கொடுக்கக்கூடியதைவிட அதிகமாக இழுத்திருக்கிறது. பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டது. “கையில இருக்கேன்னு மாட்டிட்டேன் அண்ணாச்சி. அந்தக் காலோட அவரு இறங்கி நின்னத நெனச்சா எனக்குச் சோறு இறங்கல” என்றார். ஆனாலும் என் முன்னாலேயே இரண்டு பரோட்டா இறங்கியது.

அடுத்த வாரம் குறைவாக இழுக்கும் கன்ட்ரோலர் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினார். முதலில் தனியாகவே ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உப்பளச் சாலையில் காற்றுக்கு எதிரே போனார். அடுத்து வலைக் கடைக்காரர் ஏறினார். எங்கேயும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் செபாஸ்டினுக்குச் சொல்லி அனுப்பினார்.

மெட்டில்டாவோடு வந்த அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது நடக்கிற வேகம்தானே என்று குறைப்பட்டுக்கொண்டார். கச்சானை எதிர்த்து நிற்காமல் போவதே பெரிய காரியம் என்றார் பிளாரன்ஸ். சற்று யோசித்துவிட்டு, “அப்போ கரைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாரேன். சங்கு வந்திருக்கும்” என்றார் செபாஸ்டின். யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் இருந்தது. யாரும் மறுக்குமுன் கிளம்பிவிட்டார்.

போகும்போது காற்று முதுகில் இருந்ததால் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போயிற்று. மெட்டில்டாவுக்கு நிலைகொள்ளவில்லை. “ஏளா, வாறப்போ எதிர்க்காத்தாச்சே. பேட்டரி தாங்குமா?”

“பேட்டரி தாங்கும் மாமி. அவருதான் சீக்கிரம் வரமாட்டாரு.”

சாலை வளையும் முனையில் ஒரு மீன் லாரி மூக்கை நீட்டியது. பிளாரன்ஸின் வலக்கை தானாக முன்னே நீண்டது. இரண்டு விரல்கள், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தின. தூரத்தில் செபாஸ்டின் வேகம் குறைந்து, லாரிக்கு வழிவிட்டு, மறுபடி கிளம்பி, கடற்கரைப் பக்கம் திரும்பி மறைந்தார். அதற்குப் பிறகுதான் பிளாரன்ஸின் விரல்கள் விரிந்தன.