சான்றிதழில் அம்மா பெயர்

என் பெயருக்குப் பின்னால் 'ஏ/பி' என்று போட்டு அப்பாவின் பெயர் வரும். இன்னாரின் மகள் என்று பொருள். மலேசியாவில் எங்களுக்கெல்லாம் அப்படித்தான். ஆனால் எனக்கு நான்கு வயதாக இருக்கும்போதே அந்த இன்னார் சிம்பாங் பூலாயில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார். கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியும், தோட்டத்தை விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து ஆஸ்பத்திரித் தரை துடைத்தும் என்னைப் படிக்க வைத்தது அம்மா. பள்ளியில் பரிசு வாங்க நான் மேடையேறும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் அப்பா பெயர்தான் முழங்கும். கீழே உட்கார்ந்து கை தட்டுவது அம்மா.

கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஸ்பானிய மொழி எடுத்தபோது, அதைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அம்மா மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் ஸ்பெயினுக்கே போய்ப் படிக்க இடம் கிடைத்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. கல்யாணமானாலும் பெண்கள் தங்கள் பெயரை விடுவதில்லை. பாடத்தில் படித்து மனப்பாடம் செய்த விஷயம்தான். இருந்தாலும், வகுப்பில் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எல்லோருக்கும் பின்னால் அம்மாவும் வந்ததைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது.

பருவம் முடியும்போது, சான்றிதழில் பெயர் எப்படி வரவேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். படிவத்தில் இரண்டாம் குடும்பப் பெயருக்கும் ஒரு கட்டம் இருந்தது. வெளிநாட்டவர் அதைக் காலியாக விடலாம் என்றார் அலுவலகப் பெண். நான் விடவில்லை. அப்பா பெயருக்கு அடுத்து அம்மாவின் பெயரை எழுதினேன்.

ஈப்போ வீட்டில் அம்மா அந்தச் சான்றிதழில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டே போனார். ஸ்பானியம் ஒன்றும் புரியாது. ஆனால் தன் பெயர் அடையாள அட்டையில் எப்படி இருக்கும் என்று தெரியும். விரல் அங்கே நின்றுவிட்டது.

"இது என் பேரு இல்ல?"

ஆமாம் என்றேன். மறுநாளே கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். வேலையிடத்து அக்காமாரை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினார்.

நான்கு மாதம் கழித்து என் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அடையாள அட்டையில் இல்லாத பெயர் சான்றிதழில் இருப்பதால் அந்தப் பருவத்தின் மதிப்பெண்களை ஏற்க முடியாதாம். நேரில் போய்க் கேட்டேன். இரண்டு வழி சொன்னார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடிதம் கொடுத்து, குழு கூடும்வரை காத்திருக்கலாம். இல்லாவிட்டால் பழையதை ஸ்பெயினுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதியது வாங்கலாம். காத்திருந்தால் பட்டமளிப்பு தள்ளிப்போகும் என்று பயந்தேன். சுலபமான வழியை எடுத்தேன். சத்தியக் கடிதத்துக்கு ஒரு தடவை முயன்றுகூடப் பார்க்கவில்லை. இன்றுவரை அது மனத்தை அறுக்கிறது.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கசங்காமல் எடுத்துக் கொடுத்தார். அப்போதாவது வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். வாங்கி உறையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் புதிய சான்றிதழ் வந்தது. எல்லாம் அதே மாதிரி, அம்மா பெயர் மட்டும் இல்லை. வெறும் சட்டம் அலமாரி மேல் கிடந்தது. அதில் இதைப் போட்டு மாட்டட்டுமா என்று, புத்தி கெட்டுப்போய், அம்மாவிடமே கேட்டேன்.

அம்மா முன்போலவே விரல் வைத்துப் படித்தார். அப்பா பெயரோடு வரி முடிந்தது. காகிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அவரு பேரு மட்டும் தனியா நம்ம செவுத்துல வேணாம் பாப்பா. என் பேரு நாலு மாசம் இருந்துச்சில்ல, போதும்லா."