எட்டாம் இலக்கக் கல்

இறக்கக்கண்டிக் கரையில் ஒரு பெண் சம்மாட்டி இருக்கிறார் என்று முதலில் கேள்விப்பட்டபோது நானும் சிரித்தவன்தான். அதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கரைவலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். நாற்பது ஆண்களுக்கு வேலை சொல்லி, தோணி விட்டு, வலை இழுப்பித்து, மீனைப் பங்கு பிரிக்கிற ஆள். அந்த இடத்தில் ஒரு பெண்ணை இருத்திப் பார்க்க என் மூளைக்கு ஏலாமல் இருந்தது. அந்தப் பிரிவுக்குக் கிராம சேவையாளராக, ஊர்ப்பேச்சில் விதானையாராக, மாற்றலாகிப் போன முதல் கிழமையே அந்தச் சம்மாட்டி, பத்மாசனியக்கா, நான் அலுவல் பார்க்கிற கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டும் முன்பே அதில் இருந்துகொண்டு, "சிரிச்சனீங்களாம் எண்டு கேள்விப்பட்டனான், விதானையார்" என்றார். அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

அவருக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. சல்லியில் பிறந்து இறக்கக்கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் கோணேஸ்வரனின் குடும்பத்துக்கு அந்தக் கரையில் ஒற்றைத்தாழைப் பாடு என்று ஒரு பாடு உண்டு. பாடு என்றால் ஒரு வலை இழுப்பதற்கு உரிய கரைத்துண்டு. பக்கத்து வலைக்காரர் அதற்குள் வரமாட்டார். தொண்ணூறில் சண்டை வந்து அகதியாக ஓடினார்கள், திரும்பி வந்து வலை கட்டினார்கள். சுனாமி வலையையும் தோணியையும் கோணேஸ்வரனின் தம்பியையும் கொண்டுபோனது, மறுபடியும் கட்டினார்கள். பிறகு ஒருநாள் கோணேஸ்வரனே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அந்திரட்டிச் சடங்கு முடிந்த கையோடு சோமசேகரம் வந்தார். அவர்தான் அந்த வலைக்கு மண்டாடி, அதாவது கடலின் நிறத்தைப் பார்த்து மீன் வரவு சொல்பவர். "வலையை வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ மச்சாள். பொம்பிளை சொல்லி ஆர் இழுப்பான்?" என்று கேட்டார்.

"நீங்கள் மீனைப் பாருங்கோ. இழுக்கச் சொல்லுறது ஆர் எண்டு மீன் பார்க்காது" என்றார் அக்கா.

அந்தப் பருவம் முழுக்கச் சோமசேகரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மீன் காட்டினார். அடுத்த பருவம் முகம் இறங்கிவிட்டது. அதற்கடுத்த பருவம், வேறு ஊர்க்காரன் ஒருவன் அக்காவைப் பற்றி ஏதோ வாய் காட்டியதற்கு, சோமசேகரம்தான் அவனுடைய சட்டையைப் பிடித்தவர்.

கரை துப்புரவைப் பற்றி நான் கட்டாயம் சொல்லவேண்டும். வெளியாட்களுக்கு இது விளங்காது. எனக்கும் விளங்காமல் போனதால் வந்த வினைதான் இவ்வளவும். கரைவலை வருசம் முழுக்க இழுபடுவதில்லை. பங்குனியில் தொடங்கிப் புரட்டாதியோடு முடிந்துவிடும். அதன் பிறகு வாடைக்காற்று எழும்பும், யாரும் தோணி தள்ளமாட்டார்கள். பருவம் முடிகிற அன்று எல்லோரும் கூடி வாடிகளைப் பிரிப்பார்கள். ஆட்கள் தங்குகிற ஓலைக் குடில்தான் வாடி. கிடுகைக் கழற்றி, கப்புகளைப் பிடுங்கி, அடுப்புக்கல்லைத் தூக்கி, தோணியையும் உருட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விடுவார்கள். மணலுக்குள் ஒரு ஆணி கிடந்தாலும் அடுத்த வருசம் அது வலையைக் கிழிக்கும். ஆகவே கடைசியில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாட்டின் ஒரு தலையிலிருந்து மறுதலை வரைக்கும் வெறுங்காலோடு நடப்பார். காலில் ஏதாவது தட்டுப்பட்டால் நாற்பது பேரும் திரும்ப வந்து தோண்டவேண்டும்.

அப்படித் துடைத்து வைத்த கரைக்கு ஒரு மார்கழி மாதம் கொழும்பிலிருந்து ஆலோசனைக் கம்பனி ஒன்றின் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பகுதிக்குக் காணிப் பயன்பாட்டுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. எது வயல், எது காடு, எது குடியிருப்பு, எங்கே விடுதி கட்டலாம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டுகிற வேலை. மழை கொட்டிக்கொண்டிருந்ததால் வாகனத்தின் கண்ணாடியைப் பாதி இறக்கிக் கரையைப் பார்த்தார்கள். பிறகு என் கந்தோருக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்கள். நிரந்தரக் கட்டடம் உண்டா? இல்லை. குடியிருப்பு உண்டா? இல்லை. பயிர்ச்செய்கை? இல்லை. எல்லாமே உண்மை, கீழே கையெழுத்து வைத்தவன் நான். கரைவலை இழுக்கிறார்களா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. இல்லாத கேள்விக்குப் பதில் எழுதுகிற புத்தி எனக்கு வரவில்லை. இருபத்தேழு வருசச் சேவையில் நான் வெட்கப்படுகிற ஒரே கையெழுத்து இதுதான் என்று சொல்ல ஆசை. இன்னும் ஒன்றிரண்டு இருக்கிறது, ஆனால் இதுதான் பெரியது.

தை பிறந்ததும் வரைபடம் பிரதேச செயலகச் சுவரில் தொங்கியது. ஒற்றைத்தாழைப் பாடு மஞ்சள் நிறத்தில் இருந்தது. பயன்பாடற்ற அரச காணி, விடுதி அபிவிருத்திக்கு முன்மொழியப்படுகிறது என்று பக்கத்தில் குறிப்பு. ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரலாம் என்றும் போட்டிருந்தார்கள். ஆட்சேபனைக்குக் காத்திராமல் கரையில் கொங்கிறீற் எல்லைக்கற்களை நட்டுவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான். முழங்கால் உயரத்தில், இலக்கம் பொறித்த கற்கள். எட்டாம் இலக்கக் கல் அக்காவின் பாட்டுக்கு நட்டநடுவில் நின்றது.

அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன்.

"அந்தப் படிவத்தில இருக்கிறது உங்கட கையெழுத்தோ?"

"ஓம்."

"பொய் எழுதினனீங்களோ?"

"இல்லை அக்கா."

"அதுதான் எனக்குக் கோவம். பொய் எண்டால் பொய் எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம். இது உண்மையை வைச்செல்லோ கழுத்தறுத்திருக்கிறீங்கள்."

அன்றைக்கே அவருக்காக ஆட்சேபனைக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதை வாசித்துவிட்டு, "தயவுடன்" என்று நான் எழுதிய மூன்று இடத்திலும் பேனையால் வெட்டினார்.

ஆட்சேபனைகளைப் பார்க்கிற திட்டமிடல் அதிகாரி இரத்தினசிங்கம் கெட்ட மனிதர் அல்ல. கோப்பில் இருப்பது உலகத்தில் இருக்கிறது, கோப்பில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிற மனிதர். அக்கா அவருக்கு முன்னால் கடற்றொழில் அனுமதிப்பத்திரத்தை விரித்தார்.

"இது கடலுக்குத் தந்த அனுமதி, அம்மா. நாங்கள் பார்க்கிறது காணி" என்றார் இரத்தினசிங்கம்.

"வலை கடலுக்க நிக்கும் ஐயா, சரி. இழுக்கிற ஆள் எங்க நிக்கிறது?"

"காணியைப் பயன்படுத்துறீங்கள் எண்டதுக்கு எங்கட தரப்பு ஆவணம் ஒண்டு வேணும். ஒரு கட்டடம், ஒரு வரிப் பற்றுச்சீட்டு, எதாவது ஒண்டு."

"வந்து பாருங்கோ. அதுதான் ஆவணம்."

"அடுத்த கிழமை களத்துக்கு வாறம்."

"மாசியில வந்தால் மணலைத்தான் பார்ப்பீங்கள். பங்குனி இருபதாம் திகதி காலமை ஆறரைக்கு வாங்கோ."

அதிகாரிக்குத் திகதி குறித்துக் கொடுக்கிற ஆளை இரத்தினசிங்கம் அதுவரை கண்டதில்லை. மாசியில் வருவதாக அவர் இரண்டு கடிதம் போட்டார். பாடு இப்போது இல்லை, பங்குனியில் வரும் என்று அக்கா இரண்டுக்கும் பதில் போட்டார்.

இதற்கிடையில், அக்கா அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற பக்கத்துப் பாட்டுச் சம்மாட்டி முஹம்மது தம்பி ஒரு யோசனையோடு வந்தார். நல்லெண்ணத்தில் வந்தவர்தான். "தங்கச்சி, ரெண்டு கிழமையில ஒரு கல் அறை எழுப்பிப் போடுவம். ஆக்கள் தாறன், சீமெந்தும் தாறன். கட்டடம் இருந்தால் பிறகு பயன்பாடு இல்லை எண்டு ஆர் சொல்லுறது?"

"இழுக்கிற கயிறு எங்கால போகும் நானா? அறைக்குள்ளாலயோ?" என்று கேட்டார் அக்கா. "கரை வெறுமையாக் கிடந்தால்தான் அது பாடு. அவன் ஒரு கல்லை நட்டிருக்கிறான், நானும் என்ர கையால ஒரு வீட்டை நட்டால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

முஹம்மது தம்பி சீமெந்தைத் தன் வீட்டு மதிலுக்குக் கொண்டுபோனார். ஊரில் பாதிப் பேர் அக்காவுக்கு மண்டைக்கனம் என்று கதைத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது. அறை கட்டியிருந்தால் என் வேலையும் சுகமாக முடிந்திருக்கும்.

பங்குனி இருபதாம் திகதி ஆறரைக்கு யாரும் வரவில்லை. ஒன்பதரைக்குத்தான் வாகனம் வந்தது. இரத்தினசிங்கமும் கம்பனி ஆட்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள், நானும் கூட நின்றேன். அக்கா அதற்குத் தக்கபடி வலை விடுவதைப் பிந்தவைத்திருந்தார். தோணி ஒரு கயிற்றின் தலையைக் கரையில் விட்டுவிட்டு, கடலுக்குள் வலையை வளைத்துப் போட்டு, மறு கயிற்றின் தலையை அறுநூறு மீற்றர் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தது. இரண்டு தலையிலும் இருபது இருபது பேர் பிடித்தார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றை நோக்கி ஒன்று கரையோரமாக நகரும். நடுவில் இரண்டும் சேருகிற நேரம் வலையின் மடி மீனோடு கரையேறும்.

முக்கால் மணித்தியாலத்தில் வடக்கு அணியின் கயிறு எட்டாம் இலக்கக் கல்லில் வந்து முட்டியது. கடல் பக்கம் வலையின் பாரம், கரைப் பக்கம் இருபது பேரின் பாரம், இடையில் கல். கயிறு முறுக்கேறி முனகியது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"கயிறைக் கொஞ்சம் தூக்கிக் கல்லுக்கு அங்கால போடுங்கோவன்" என்றார் இரத்தினசிங்கம். "முழங்கால் உயரம்தானே. ஏலாதோ?"

"ஏலும் ஐயா. ஆனா தூக்கமாட்டம்."

"ஏன்?"

"இண்டைக்குக் கல்லுக்கு மேலால தூக்கினால், நாளைக்கு விடுதிச் சுவருக்கு மேலால தூக்கச் சொல்லுவீங்கள்."

சோமசேகரம் கிட்ட வந்து மெல்லச் சொன்னார். "மச்சாள், பழைய கயிறு. அறுந்தால் வலையும் போகும், இந்தப் பருவமும் போகும்."

அது உண்மை. அந்த வலையை விட்டால் நாற்பது குடும்பத்துக்கும் வேறு வலை இல்லை. அக்காவின் கண் கடலுக்குப் போய்த் திரும்பியது. அவர் பயந்ததை நான் பார்த்தேன். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தார். சம்மாட்டி கயிறு பிடிக்கிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை.

"இழுங்கோ" என்றார்.

இழுத்தார்கள். நானும் போய்ப் பிடித்திருக்கலாம், அரச உத்தியோகம் காலைப் பிடித்துக்கொண்டது. கல் முதலில் அசையவில்லை. பிறகு கடற்பக்கம் ஒரு விரல் சரிந்தது. இன்னும் சரிந்தது. அடியில் போட்டிருந்த சீமெந்துக் கட்டியோடு கழன்று மணலில் விழுந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. கயிறு இளகியதும் இருபது பேரும் ஒருதரம் தடுமாறிவிட்டு இழுப்பைத் தொடர்ந்தார்கள். அரைமணியில் மடி கரையேறியது. மீன் பெரிதாக இல்லை, நாலைந்து பெட்டிக் கீரிமீன்தான்.

இரத்தினசிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. "அம்மா, அரச எல்லைக்கல்லைச் சேதப்படுத்துறது குற்றம். நான் பொலிசில முறைப்பாடு குடுக்கவேண்டி வரும்."

"குடுங்கோ. என்னெண்டு எழுதுவீங்கள்?"

அவர் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டே வாசித்தார். "இன்று காலை பத்தரை மணியளவில், இறக்கக்கண்டிக் கரையில், பத்மாசனி என்பவரும் சுமார் நாற்பது பேரும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தபோது…" பேனை நின்றது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? நல்லா வருகுது. ஒற்றைத்தாழைப் பாட்டில எண்டும் போடுங்கோ."

கம்பனி ஆள் ஒருவர் அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னார். எழுதாமல் விட்டால் கல் போன கணக்குக்கு அவர் பதில் சொல்லவேண்டும். எழுதினால், யாருமே பயன்படுத்தாத கரையில் நாற்பது பேர் தொழில் செய்ததை அவரே எழுதியவராவார். மனிதர் பிறகு உள்ளது உள்ளபடி எழுதினார். நான் முன்னே சொன்னேனே, கெட்ட மனிதர் அல்ல.

வழக்கு ஆவணியில் விசாரணைக்கு வந்தது. அக்காவுக்காக வாதாட வந்த சட்டத்தரணி நிவேதிகா இளம் பிள்ளை, கெட்டிக்காரி. "கயிறு தற்செயலாப் பட்டுக் கல் விழுந்திட்டுது எண்டு சொல்லுங்கோ அம்மா. இண்டைக்கே வழக்கைத் தள்ளுபடி செய்விக்கலாம்" என்றார்.

"தள்ளுபடி ஆனால் தீர்ப்பில என்ன எழுதுவினம்?"

"ஒண்டும் எழுதமாட்டினம். வழக்கு முடிஞ்சுது எண்டுதான்."

"அப்ப எனக்கு அது வேண்டாம் பிள்ளை."

அக்கா கூண்டில் ஏறி, குற்றப்பத்திரிகையை அவர்கள் வாசித்து முடித்ததும், "ஐயா, அவ்வளவும் உண்மை. என்ர பாட்டில வலை இழுக்கேக்க கல் குறுக்க நிண்டது, விழுத்தினனாங்கள்" என்றார். நிவேதிகா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நீதவான் சிறிய தண்டம் ஒன்று விதித்தார். அக்கா அதைக் கட்டிய கையோடு தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதி ஒன்றைக் கேட்டு விண்ணப்பித்தார். அந்தப் பிரதி கைக்கு வருமட்டும் மூன்று தரம் நீதிமன்றப் படி ஏறினார்.

பிரதி கிடைத்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு இரத்தினசிங்கத்தின் அறைக்குப் போனார். அவர் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை. மேசையில் பிரதியை வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"எங்கட தரப்பு ஆவணம் வேணும் எண்டு கேட்டனீங்கள். இது அரசாங்கத்தின்ர தாள். வாசியுங்கோ."

அவர் வாசித்தார். ஒற்றைத்தாழைப் பாடு என்ற பெயர் அதில் நான்கு இடத்தில் இருந்தது.

"இனிச் சொல்லுங்கோ ஐயா. ஆரும் பயன்படுத்தாத கரையில நான் என்ன செய்து தண்டம் கட்டினனான்?"

இரத்தினசிங்கம் எழுந்து போய் வரைபடத்தின் அலுவலகப் பிரதியை எடுத்து வந்து விரித்தார். மஞ்சள் துண்டைக் குறுக்கே வெட்டி, "கரைவலைப் பாடு, பயன்பாட்டில் உள்ளது" என்று தன் கையால் எழுதி, திகதியும் போட்டு, கையெழுத்தும் வைத்தார். அக்கா குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"முத்திரையையும் குத்துங்கோ" என்றார்.