கருமலை என்கிற பாக்கியசீலன்

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் எதிர்ச்சுவரில் ஒரு போஸ்டர் முளைத்தது. 'மாபெரும் மல்யுத்தக் காட்சி! பம்பாய், துபாய், பஹ்ரைன் மேடைகளைக் கலக்கிய கருமலை மீண்டும் மோதுகிறார்!' நடுவில் கறுப்பு உடுப்புப் போட்டு, பல்லைக் கடித்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றவர், அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் ஞானசௌந்தரி டீச்சரின் வீட்டுக்காரர் பாக்கியசீலன்.

அறிவியல் எடுக்கும் கலையரசி டீச்சர்தான் முதலில் பார்த்தாள்.

"டீச்சர், இந்தாளு நம்ம சாரு மாதிரியே இருக்காரு, பாத்தியளா?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு சௌந்தரி எட்டாம் வகுப்புக்குள் நுழைந்துகொண்டாள். அன்றைக்கு நடத்தின கணக்கு பிள்ளைகளுக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் பாதிக்கு மேல் அவர் வெளிநாட்டில். யார் கேட்டாலும் "பஹ்ரைன்ல ஓட்டல் மேனேஜர்" என்றுதான் அவள் சொல்லி வந்திருக்கிறாள். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள். வேறு என்ன சொல்வாள்?

பாக்கியசீலனின் அப்பா ஞானசிகாமணி மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் வாத்தியார் வேலைக்குப் போனார்கள். கடைசிப் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, உடம்புதான் ஏறியது. இருபத்தோரு வயதில் பம்பாய்க்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரை, மல்யுத்தக் காட்சி நடத்துகிற ஒருவர் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஏற்கெனவே நாங்குநேரிக்காரர் ஒருவர் இருந்தார். பேச்சிராஜ். சிவப்பாக, சினிமாக்காரன் மாதிரி இருப்பார். அதனால் அவர் நல்லவன், வெள்ளை உடுப்பு. பாக்கியசீலன் கெட்டவன், கறுப்பு உடுப்பு, கருமலை என்று பெயர். ஊர் ஊராகப் போய் பதின்மூன்று வருஷம் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். ஒரு நாள்கூடக் கருமலை ஜெயித்ததில்லை. அவருக்குச் சம்பளமே தோற்பதற்குத்தான்.

தோற்பது லேசான வேலை இல்லை. தலைக்கு மேல் தூக்கி எறியப்படுகிறவன், தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் பலகையில் படுகிற மாதிரி விழ வேண்டும். எறிகிறவனுக்கும் நோகக் கூடாது, பார்க்கிறவனுக்கு உயிர் போய்விட்டதோ என்று இருக்க வேண்டும். ஷார்ஜாவில் ஒரு முறை பேச்சிராஜுக்குப் பதிலாக வந்த புது ஆள் பிடியை நழுவவிட்டதில் பாக்கியசீலனின் வலது தோள்மூட்டு போனது. அதோடு காட்சி முடிந்தது. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஓர் ஓட்டலின் நைட் கிளப்பில் வாசல்காவலுக்குச் சேர்ந்தார். நாலு வருஷத்தில், அரபி ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு அந்தக் கூடத்தையே குத்தகைக்கு எடுத்தார். 'பொருநை' என்று பெயர் வைத்தார். ஊரிலிருந்து பாட்டுக் குழுக்களைக் கூட்டிப்போய் மேடை ஏற்றினார். கொரோனா வந்து கதவை அடைக்கிற வரைக்கும் அது ஓடியது. இரண்டு பெட்டியும் ஒரு சவுண்ட் மிக்சருமாக ஊர் திரும்பினார். அதன்பிறகு கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸ் விழாவுக்கும் கச்சேரி ஏற்பாடு செய்கிற வேலை. அது மட்டும் சௌந்தரி வெளியே சொல்லக்கூடியதாக இருந்தது. இப்போது மல்யுத்தம் நடத்தப் போகிறாராம். அதில் தானே ஒரு முறை இறங்கவும் போகிறாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தார். "பள்ளிக்கூடத்துக்கு எதுக்க ஒட்டச் சொல்லல, சௌந்தரி. ஒட்டுதவனுவ சுவரு எங்கன கெடைக்கோ அங்கன ஒட்டிட்டானுவ."

"அப்போ மத்த இடத்துல ஒட்டலாமோ? ஊரெல்லாம் ஓட்டல் மேனேஜருன்னு சொல்லிட்டுத் திரியுதேன் நான்."

"நான் அப்படிச் சொல்லச் சொல்லலையே" என்றார் மெதுவாக. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "சரி. நாளைக்கு நானே போய் எடுத்திருதேன்" என்றார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்துச் சௌந்தரி வெளியே வந்தபோது, ஜன்னலில் பிள்ளைகள் கூட்டம். எதிர்ச்சுவர் ஓரம் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் பாக்கியசீலன் நின்றுகொண்டிருந்தார். கீழே வாளித் தண்ணீர். நனைந்த துணியால் தன் முகத்தையே துடைத்துத் துடைத்து, கொத்துக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வலது தோள் மேலே போகாது என்பதால் எல்லாம் இடது கையில்தான். டீக்கடையில் நின்ற இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வெயில் நேராகத் தலையில் அடித்தது.

சௌந்தரி கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ரோட்டைக் கடந்து போனாள்.

"என்ன செய்யுதிய?"

"பசை நல்லாக் காஞ்சிட்டு. ஊறினாத்தான் உரியுது."

நெற்றியும் கண்ணும் போயிருந்தன. கடித்த பல் மட்டும் சுவரில் மிச்சம் இருந்தது.

"போதும், எறங்குங்க."

"பாதியில விட்டா அசிங்கமா இருக்கும்லா?"

"அப்போ புதுசா ஒண்ணு கொண்டாந்து ஒட்டுங்க" என்றாள். சொன்ன வேகத்தில் திரும்பி நடந்தாள். பிள்ளைகளின் முன்னால் கண் கலங்குவது அவளுக்குப் பிடிக்காது.

அந்த வாரக் கடைசியில் முத்துராணி வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். மனாமாவில் 'பொருநை' மேடையில் ஏழு வருஷம் பாடினவள், இப்போது சொந்தமாக ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறாள். காட்சிக்கு நடுவில் அவள் குழுதான் பாடப் போகிறது. பாக்கியசீலன் பேட்டைக்குப் போயிருந்தார். அங்கே காஜா முகைதீன் பட்டறையில் மேடைக்கு இரும்புச் சட்டம் அடிக்கிறார்கள். கிளப்பில் பாடின ஒரு பெண்ணோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டி வரும் என்று சௌந்தரி நினைத்ததே இல்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மதினி, உங்களப் பாக்கணும்னு எத்தன வருசமா நெனச்சிருக்கேன் தெரியுமா?" என்றாள் முத்துராணி. "அண்ணாச்சி உங்க போட்டோவத்தான் கல்லாவுக்கு மேல மாட்டியிருந்தாவ."

"என் போட்டோவையா? கிளப்லயா?"

"ஆமா. அதப் பாத்துட்டு, நம்பலாம்னுதான் நான் அங்கன சேர்ந்தேன். மத்த எடத்துல பாஸ்போர்ட்ட வாங்கிப் பூட்டி வச்சிருவாங்க. அண்ணாச்சி, அவங்கவங்க பையில அவங்கவங்க பாஸ்போர்ட் இருக்கணும்னு சொல்லிட்டாவ."

பிறகு அவளே ஒரு கதை சொன்னாள். ஒரு நாள் பெரிய இடத்து ஆள் ஒருவன் குடித்துவிட்டு மேடையில் ஏறி அவள் கையைப் பிடித்துவிட்டான். கூட நாலு பேர். அடித்து அனுப்பினால் மறுநாள் கிளப்பை மூடிவிடுவார்கள், பாடுகிற பெண்பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பாக்கியசீலன் மேடை ஏறி, கையை விடச் சொன்னார். அவன் ஓங்கி ஓர் அறை விட்டான்.

"அண்ணாச்சி அப்படியே பொறத்தால பறந்து, ரெண்டு மேசைக்கு மேல விழுந்து, நாற்காலியோட உருண்டு போய்க் கெடந்தாவ. செத்தே போயிட்டாவன்னு நான் கத்திட்டேன். அவனும் பயந்துட்டான். ஆனா மொகத்துல ஒரு பெருமை, பாத்துக்கிடுங்க. இவ்வளவு பெரிய ஆள ஒரே அடில சாச்சிட்டோம்னு. கூட வந்தவனுவ கைதட்டுதானுவ. அந்தச் சந்தோசத்துலயே எறங்கிப் போயிட்டான். அவன் போனதும் அண்ணாச்சி எந்திரிச்சு, சட்டையத் தட்டிவிட்டுட்டு, அடுத்த பாட்டப் பாடுன்னாவ."

சௌந்தரி சிரித்துவிட்டாள். பிறகு, "அடி பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு கீறல் இல்ல."

இது எதையும் அவர் அவளிடம் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை. கிளப் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தது அவள்தானே.

காட்சி நடந்த சனிக்கிழமை, வெயில் தாழ்வதற்கு முன்பே பேட்டை மைதானம் நிறைந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மராட்டியத்திலிருந்து வந்த இளவட்டங்கள் முதலில் மோதினார்கள். அவர்கள் விழும்போதெல்லாம் பலகை இடி மாதிரி அதிர்ந்தது. அந்தச் சத்தம் வருவதற்காகவே பாக்கியசீலன் ஒரு வாரம் பட்டறையில் உட்கார்ந்து பலகை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தார். சௌந்தரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தன் குழுவின் பாட்டை முடித்துவிட்டு முத்துராணியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசியில் கருமலை வந்தார். கூட்டம் ஊளையிட்டது. சௌந்தரிக்கு முதலில் அது கஷ்டமாக இருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்து நாக்கைத் துருத்தினார், குழந்தைகளை முறைத்தார். கூட்டம் இன்னும் ஊளையிட, அவர் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு நிறைவு இருந்தது. பேச்சிராஜ் வெள்ளை உடுப்பில் ஏறினார். வயிறு சரிந்திருந்தது. நாங்குநேரியில் வாழைக்காய் வியாபாரம், பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஆனாலும் கை அசைத்தபோது விசில் பறந்தது.

இரண்டு பேரும் நிதானமாகத்தான் மோதினார்கள். கருமலை பேச்சிராஜின் கழுத்தைப் பிடித்து நெரித்தபோது, உள்ளே இருந்த கை கழுத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதைச் சௌந்தரி பார்த்தாள். தெரிந்துகொண்டு பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி இருந்தது. ஒருவரை ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற வேலையாக இருந்தது.

முடிவில் பேச்சிராஜ் அவரைத் தூக்கித் தோள் வழியாக எறிய வேண்டும். குனிந்து இடுப்பைப் பிடித்தார். தூக்கப் போன நேரத்தில் இடது முழங்கால் மடங்கியது. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை. முத்துராணி சௌந்தரியின் கையைப் பிடித்தாள்.

பாக்கியசீலன் கருமலைக்கு உரிய குரலில் ஏதோ கத்தினார். வாயைக் காதோரம் கொண்டுபோய் ஒரு வார்த்தை சொன்னார். பேச்சிராஜ் அப்படியே அசையாமல் நின்றார். சௌந்தரி தன் வீட்டுக்காரரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவளுக்குத் தெரிந்தது. பாக்கியசீலன் தானாகவே எம்பினார். ஐம்பத்தாறு வயது, நூற்றுப் பத்து கிலோ. தோள்மேல் கையை லேசாகத்தான் வைத்தார். எந்தப் பாரமும் நண்பர்மேல் இறங்காமல், அவர் தலைக்கு மேலாகக் கால் சுழன்று, அந்தப் பக்கம் போய் மல்லாந்து விழுந்தார். பலகை வெடித்தது மாதிரி சத்தம். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. நடுவர் மூன்று எண்ணும்வரை கருமலை கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கலையரசி டீச்சரின் அக்கா, "ஓட்டல் மேனேஜரா இருந்தவருக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்?" என்று கேட்டாள்.

"மேனேஜர் இல்லக்கா. நைட் கிளப் நடத்தினாவ. அதுக்கு முந்தி பதிமூணு வருசம் மல்யுத்தம்" என்றாள் சௌந்தரி. அந்த அக்கா குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் பேசுவாள். பேசட்டும்.

மதியம் பேச்சிராஜ் முழங்காலில் கட்டோடு, மகன் ஓட்டிய காரில் ஓர் ஏத்தன் வாழைத்தாரோடு வந்து இறங்கினார். சாப்பிட உட்கார்ந்ததும் அவருக்கு அதே பேச்சுதான்.

"எப்படித் தூக்கினேன் பாத்தியாலே? முட்டி போயும் தூக்கிட்டேன்லா. இன்னும் உடம்புல அது இருக்கு வே."

பாக்கியசீலன் முதுகை நிமிர்த்த முடியாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே, "ஆமாலே, என்னா தூக்கு" என்றார்.

சௌந்தரி பேச்சிராஜின் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். "நல்லா சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள். "அவ்வளவு பாரத்தத் தூக்கியிருக்கிய."