சகலன் வீட்டு ஹீற்றிங்

போன கிழமை என் மனைவி சொக்ஸைக் கழற்றினாள்.

இதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. கழற்றியது எங்கள் வீட்டில் அல்ல... என் சகலன் வீட்டில்!

சகலன் ரூபன் - மனைவியின் தங்கை வதனியின் கணவன். ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்து, அப்டன் பார்க்கில் எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு வாங்கியவன். வாங்கிய கையோடு, வீட்டைச் சூடாக்கும் பழைய பொய்லரைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவரில் மாட்டும் புது பொய்லரும் அறைக்கு அறை புது ரேடியேற்றர்களும் போட்டான். எங்களைச் சாப்பாட்டுக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் நம்பிப் போனேன்.

"அண்ணை, இப்ப எல்லாம் போனிலதான். வேலையால வரேக்க ட்ரெயினுக்குள்ள இருந்தே ஒரு அமத்து. வீட்டுக்கு வர, சூடாக் கிடக்கும்" என்றான் ரூபன். அமத்தியும் காட்டினான். ரேடியேற்றர் ஒரு சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டு ரேடியேற்றர் சூடேறினால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரிக் கேட்கும்.

"அக்கா, சொக்ஸைக் கழட்டுங்கோ. இஞ்ச தேவையில்லை" என்றாள் வதனி.

மனைவி கழற்றினாள். வெறுங்காலோடு ஹோலில் இருந்து குசினிக்கும், குசினியில் இருந்து ஹோலுக்கும் நடந்தாள். காரணமே இல்லாமல் நடந்தாள்! முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் வீட்டில் குளிர்காலம் வந்தால் அவள் சொக்ஸுக்கு மேல் இன்னொரு சொக்ஸ் போடுகிறவள்.

எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன்? ஆட்டிறைச்சிக் கறி வேறு நல்ல ருசி. அதற்கும் சேர்த்து எரிந்தது.

"எங்கட பொய்லரையும் மாத்துவமே?" என்று வீட்டுக்கு வரும் வழியில் மனைவி மெல்லக் கேட்டாள்.

"ஓடுறதை ஏன் மாத்த வேணும்?" என்றேன். ஒவ்வொரு குளிர்காலமும் நான் சொல்லும் பதில் இது. ஆனால் இந்த முறை எனக்கே அது எடுபடவில்லை. மாற்றினால் ரூபனைப் பார்த்துச் செய்ததாகிவிடும். மாற்றாவிட்டால் இவள் ரூபன் வீட்டையே நினைத்துக்கொண்டிருப்பாள். எப்படிப் பார்த்தாலும் ஜெயிப்பது ரூபன்தான்!

சரி, கேட்டுப் பார்ப்போமே என்று ஒரு பொய்லர்காரரைக் கூப்பிட்டேன். ரூபன் போட்ட மாதிரிப் போட்டால் மாடியில் கபேர்ட்டுக்குள் இருக்கும் சுடுதண்ணித் தாங்கி தேவையில்லை, கழற்றிவிடலாம் என்றார். தாங்கியை வைத்துக்கொண்டு பொய்லரை மட்டும் மாற்றவும் முடியுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசிக்கத்தான் எனக்கு நன்றாக வருமே.

சனிக்கிழமை மாலை பெல் அடித்தது. கையில் மூடி போட்ட ஒரு வாளியோடு வதனி.

"அக்கா, தோசை மா பொங்குதில்லை. அரைச்சு வச்சது வச்சபடி கிடக்கு. தாங்கியும் இல்லை, இரவில ஹீற்றிங்கை போன் தானே நிப்பாட்டிப் போடுது. உங்கட கபேர்ட்டுக்குள்ள ஒருக்கா வைக்கட்டே?"

விஷயம் விளங்குகிறதா? தாங்கி இருக்கும் கபேர்ட் எப்போதும் கதகதப்பாக இருக்கும். வெள்ளைக்காரர் அதற்குள் துவாய் வைப்பார்கள். நாங்கள் தோசை மா வைப்போம்.

"வையும், வையும். இடம் தாராளமாக் கிடக்கு" என்றேன். வாய் கொள்ளாத சிரிப்பு எனக்கு. மா பொங்க வைக்க ரூபனின் போனில் பட்டன் இல்லையோ என்று கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு... அது எனக்குத்தான் தெரியும். அன்று இரவு ரேடியேற்றரின் சுத்தியல் சத்தம்கூட இனிமையாகத்தான் கேட்டது.

ஞாயிறு காலை, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய் கபேர்ட்டைத் திறந்தேன். கீழ்த்தட்டில் எங்கள் வாளி. மா வழக்கம்போலப் பொங்கியிருந்தது. மேல்தட்டில் ரூபன் வீட்டு வாளி. அந்த மா மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வழிந்திருந்தது!

எங்கள் கபேர்ட். எங்கள் சூடு. எங்கள் காஸ் பில். பொங்கி வழிந்தது அவன் மா!

"இதென்ன அநியாயம்?" என்று கத்தினேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "மேல்தட்டிலதான் நல்ல சூடு. விருந்தாளியின்ர வாளியைக் கீழ வைக்கிறது மரியாதையே?" என்றாள்.

சொன்னவள் அங்கேயே நின்றாள். இரண்டு சோடி சொக்ஸ். அப்படியும் ஒரு காலை மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு, தாங்கிப் பக்கம் கையை நீட்டிச் சூடு பிடித்தாள்.

"இந்த வீட்டில குளிராமல் இருக்கிறது மா மட்டும்தான்" என்றாள்.

சண்டைக்குச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். சண்டைக்குச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு கிழமையாக நான் ரூபனின் போனையே நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன். இவளுடைய காலை யார் நினைத்தது?

திங்கட்கிழமை பொய்லர்காரருக்குச் சொல்லிவிட்டேன். புது பொய்லர், புது ரேடியேற்றர்கள். தாங்கி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். செய்தி கேட்டு வதனிக்குச் சந்தோஷம். "அப்ப ஒவ்வொரு சனியும் மா கொண்டு வரலாம், என்ன அத்தான்?"

தாராளமாகக் கொண்டு வரட்டும். ஆனால் மேல்தட்டு இனி எங்களுக்கு!